பள்ளிக்கூடம் கட்டுவதா, பிள்ளையைப் படிக்க வைப்பதா?



குடமுருட்டிக் கரையை ஒட்டி நமது டிரஸ்டுக்கு இருக்கும் மனையில் ஆங்கில வழிப் பள்ளிக்கூடம் ஒன்று கட்டலாம் என்ற யோசனை சென்ற ரமலானில் எழுந்தது உங்களுக்குத் தெரியும். வளைகுடாவில் தொழில் செய்யும் நம்மூர் அன்பர் ஒருவர் கட்டடச் செலவில் பெரும்பங்கைத் தாமே ஏற்பதாகச் சொல்லியிருக்கிறார். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்வானாக. பொதுக்குழுவில் வைப்பதற்கு முன்னால் கல்வித் துறையிலும் தொழிலிலும் இருப்பவர்களிடம் பேசி, கேட்டதை இந்த இதழில் எழுதும்படி நிர்வாகக் குழு என்னிடம் பொறுப்பு கொடுத்தது.

ஷவ்வால் பிறந்ததிலிருந்து பேசி வருகிறேன். அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அம்மையார், பாலிடெக்னிக் ஆசிரியர் ஒருவர், மதரஸா ஹஜ்ரத், அரிசி ஆலை நடத்தும் பெரியவர், செல்போன் கடையில் தொடங்கி மூன்று கிளை வைத்திருக்கும் இளைஞர் எனப் பலரையும் பார்த்தேன். பெயர் போட வேண்டாம் என்று எல்லாருமே கேட்டுக்கொண்டார்கள். நான் எல்லாரிடமும் கேட்டது ஒன்றுதான்: நம் பிள்ளைகள் முன்னுக்கு வர நாம் என்ன செய்ய வேண்டும்? கட்டடத்தைப் பற்றி நான்தான் பேச்செடுக்க வேண்டியிருந்தது. அவர்களில் யாரும் தாமாக அதைச் சொல்லவில்லை.

தலைமை ஆசிரியை அம்மா சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். படிப்பை நிறுத்தப் போகிற பையனை ஜூன் மாதத்தில் தேடுவதில் பயனில்லை, அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்றார். தையும் மாசியும் சம்பா அறுவடைக் காலம். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கவும் லாரியில் ஏற்றவும் ஆள் தேவைப்படும். பத்தாம் வகுப்புப் பையன் முதலில் வாரத்தில் ஒரு நாள் போவான், பிறகு இரண்டு நாள். கையில் காசு புழங்க ஆரம்பித்த பிறகு அவனைத் திருப்பிக் கொண்டு வருவது சிரமம். பெண் பிள்ளைகள் பெரும்பாலும் பிளஸ் டூ வரை ஒழுங்காக வந்துவிடுகிறார்கள், நல்ல மதிப்பெண்ணும் எடுக்கிறார்கள். அவர்களுக்குத் தடங்கல் அதற்குப் பிறகு, கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் வருகிறது. கட்டணம் கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்றால் வியாழக்கிழமை வரை வீட்டில் பேச்சு நடக்கும், பிறகு அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிந்துவிடும். அந்த அடுத்த வருஷம் வந்ததை அவர் பார்த்ததில்லை என்றார்.

அந்த அம்மா சொன்னதைக் கேட்டபோது நான் மதரஸாவில் ஓதிய காலத்தில் கேட்ட ஒரு வரலாறு நினைவுக்கு வந்தது. ஹஜ்ரத்திடம் சொன்னேன், அவரும் அதை உறுதிப்படுத்தினார். இமாம் கஸ்ஸாலி அவர்கள் கி.பி. 1058இல் பாரசீகத்தின் தூஸ் நகரில் பிறந்தார்கள். தந்தை கம்பளி நூல் நூற்று விற்பவர். மரணத் தறுவாயில், கையிலிருந்த சிறு தொகையை சூஃபி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்து, என் இரண்டு மகன்களையும் இதைக் கொண்டு படிக்க வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பணம் தீரும் வரை நண்பர் படிக்க வைத்தார். தீர்ந்ததும் பிள்ளைகளை உட்கார வைத்து, நானும் ஏழை, இனி என்னிடம் இல்லை, சாப்பாடு போட்டுப் படிக்க வைக்கும் மதரஸாவில் போய்ச் சேருங்கள் என்று வழிகாட்டினார். மதரஸாக்களுக்கு வக்ஃபு வருமானம் இருந்ததால் இரண்டு அநாதைகளுக்கும் உணவும் பாடமும் கிடைத்தன. பின்னாளில் பக்தாதின் நிஜாமிய்யாவில் தலைமைப் பேராசிரியராக அமர்ந்தவர் அவர்களில் ஒருவர். தந்தையின் பணம் எங்கே முடிந்ததோ அங்கே படிப்பும் முடிந்திருக்கலாம். பணம் தீர்ந்துவிட்டது என்பதை மறைக்காமல் சொல்லி, அடுத்த வாசலையும் காட்டியவர் இருந்ததால் அது நிற்கவில்லை. தலைமைத்துவம் என்ற சொல்லை இப்போது எல்லாக் கூட்டத்திலும் கேட்கிறோம். அந்த சூஃபி செய்ததை நான் அதில் முதலில் சேர்ப்பேன்.

மாளிகையும் வளையலும்

இது தொலைவான காலத்து, தொலைவான ஊர்க் கதை என்று தோன்றலாம். பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. இங்கிருந்து கபிஸ்தலம் வழியாகக் கும்பகோணம் போகும்போது வரும் சுவாமிமலையைச் சேர்ந்தவர் சி. ராஜம். எளிய குடும்பத்தில் பிறந்து, சென்னை சென்று தொழிலில் பெரிதாக வளர்ந்தவர். இந்தியா ஹவுஸ் என்று ஒரு மாளிகை வைத்திருந்தார். வயதான காலத்தில் அந்த மாளிகையை 5 லட்சம் ரூபாய்க்கு விற்று, அந்தப் பணத்தை முதலாக வைத்து 1949இல் சென்னை குரோம்பேட்டையில் மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியைத் தொடங்கினார். (குரோம் லெதர் கம்பெனி என்ற தோல் தொழிற்சாலையால் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது. தோல் வியாபாரம் நம் சமுதாயத்தின் பழைய தொழில் என்பதால் சொல்லி வைக்கிறேன்.)

இதில் கவனிக்க வேண்டியது அவர் விற்ற மாளிகையின் பெருமை மட்டும் அல்ல. நாட்டில் இருந்த பொறியியல் கல்லூரிகள் பெரும்பாலும் கட்டடம், இயந்திரம், மின்சாரம் என்ற மூன்றைக் கற்பித்துக்கொண்டிருந்த காலம் அது. எம்.ஐ.டி. எடுத்துக்கொண்டவை விமானம், மோட்டார் வாகனம், மின்னணுவியல், கருவியியல் ஆகிய நான்கும். பி.எஸ்சி. முடித்த பையன் மூன்று வருஷத்தில் பொறியாளராக வெளியே வரலாம். ஊரில் எது இல்லையோ அதைத் தொடங்கினார், ஏற்கெனவே இருப்பதையே இன்னொன்றாகக் கட்டவில்லை. நிறுவனத்துக்குத் தன் பெயரையும் வைக்கவில்லை. 1978இல் அது அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று, இன்றும் நடக்கிறது.

அந்த வாசலில் 1950களின் நடுவில் இராமேஸ்வரத்துப் பையன் ஒருவர் வந்து நின்றார். இராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் படித்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்தவர். தேர்வுப் பட்டியலில் பெயர் வந்துவிட்டது. சேருவதற்குச் சுமார் ஆயிரம் ரூபாய் வேண்டும், அவர் அத்தாவிடம் அது இல்லை. அக்கா ஜொஹரா தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். என் சம்பாத்தியத்திலேயே இதை மீட்டுத் தருவேன் என்று அந்தத் தம்பி மனதில் உறுதி எடுத்துக்கொண்டார். ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறார்.

ராஜம் அவர்களின் 5 லட்சம் அங்கே முன்பே தயாராக இருந்தது. ஆனால் அந்த அக்காவின் ஆயிரம் ரூபாய் அந்த வாரத்தில் வந்திராவிட்டால், இராமேஸ்வரத்துப் பையனுக்கு அந்த 5 லட்சத்தால் ஒரு பயனும் இல்லை. நம் டிரஸ்டின் வரவு செலவைப் பார்த்தால் நாம் ராஜம் இருந்த இடத்தில் இல்லை, ஜொஹரா இருந்த இடத்தில்தான் இருக்கிறோம். அதுவும் சின்ன இடம் அல்ல.

சேர்ந்த பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விடாமுயற்சி என்று பேசும்போது எல்லாரும் இந்த இடத்தைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள். இறுதி ஆண்டில் நண்பர்களுடன் சேர்ந்து விமான வடிவமைப்பு ஒன்றைச் செய்தார் கலாம். இயக்குநரான பேராசிரியர் சீனிவாசன் அதைப் பார்த்துவிட்டு, முன்னேற்றம் போதாது என்றார். ஒரு மாதம் அவகாசம் கேட்டதற்கு, இன்று வெள்ளி, திங்கள் காலைக்குள் வரைபடம் வராவிட்டால் உதவித்தொகை நிற்கும் என்று சொல்லிவிட்டார். உதவித்தொகை போனால் படிப்பே போயிற்று. பையன் இரவு உணவையும் விட்டுவிட்டு வரைபலகையின் முன் உட்கார்ந்தார். ஞாயிறு காலை வேலை முடியும் தறுவாயில் பின்னால் யாரோ நிற்பது போல் இருந்தது. டென்னிஸ் ஆடிவிட்டு வந்த உடையோடு பேராசிரியர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மிரட்டினால் பிள்ளை உருப்படும் என்பதற்கு இதை உதாரணமாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. பாலிடெக்னிக் ஆசிரியரிடம் கேட்டேன். அந்த மிரட்டல் பலித்ததற்குக் காரணம் அது யாரிடம் சொல்லப்பட்டது என்று ஆசிரியருக்குத் தெரிந்திருந்ததுதான் என்றார். விடுமுறை நாளில் மாணவன் மேசைக்கே வந்து பார்க்கிறவர் விதிக்கும் கெடுவும், மாணவன் பெயரே தெரியாதவர் விதிக்கும் கெடுவும் ஒன்றல்ல. ஸப்ரு என்றால் வாய் மூடித் தாங்கிக்கொள்வது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நிலைகுலையாமல் நின்று செய்ய வேண்டியதைச் செய்வதும் ஸப்ருதான். அப்படி நிற்கிற பிள்ளைக்குப் பின்னால் கவனித்துக்கொண்டு நிற்கும் ஒருவர் வேண்டும்.

படிக்காமலே முன்னேறியவர்கள்

அரிசி ஆலைக்காரர் ஒன்பதாம் வகுப்போடு நின்றவர். செல்போன் கடைத் தம்பி பிளஸ் டூவில் ஒரு பாடம் தவறியவர். இரண்டு பேரும் இன்று பல பேருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். படிப்பு எதற்கு, என்னைப் பாருங்கள் என்று சொல்வார்கள் என எதிர்பார்த்துத்தான் போனேன். நம் மஹல்லாவில் டீக்கடைப் பேச்சும் அப்படித்தானே இருக்கிறது.

தம்பி நேர்மாறாகப் பேசினார். ஜி.எஸ்.டி. கணக்குக்கு ஆடிட்டர், கம்பெனி ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல வக்கீல், ஆங்கிலத்தில் மெயில் எழுத ஒரு பையன் என்று, தன்னால் வாசிக்க முடியாத ஒவ்வொரு தாளுக்கும் காசு கொடுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். தன் கடையில் வேலை கேட்டு வருகிறவர்களில் டிப்ளமோ படித்தவர்களைத்தான் முதலில் எடுக்கிறாராம். உங்களை மாதிரிப் படிக்காதவனை எடுக்க மாட்டீர்களா என்று கேட்டேன். “எடுத்தா அவன் கவுண்டர்லயே நிப்பான் காக்கா, கிளையை ஒப்படைக்க முடியாது” என்றார். படிக்காமல் ஜெயித்தவர் மேடையேறிப் பேசுகிறார், படிக்காமல் மூழ்கியவரை எந்த மேடைக்கும் யாரும் அழைப்பதில்லை. இந்தக் கணக்கை நாம் மறந்துவிடக் கூடாது.

அரிசி ஆலைப் பெரியவர் சொன்னது வேறு விதம். இரண்டு முறை தொழில் படுத்துவிட்டது, எழுந்து நின்றதற்குத் தன் மனத்திடம் காரணமல்ல என்றார். முதல் முறை மாமா ஒருவர் வங்கிக் கடனை ஏற்றுக்கொண்டார், இரண்டாம் முறை நெல் வியாபாரிகள் பழைய பழக்கத்துக்காகக் கடனுக்கு நெல் கொடுத்தார்கள். விழுந்தால் தாங்க நாலு பேர் இருந்தவன்தான் திடமானவன் என்று பெயர் எடுக்கிறான் என்பது அவர் கருத்து. ஏழைப் பிள்ளைக்கு அந்த நாலு பேராக ஜமாஅத் இருக்க முடியுமா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அந்தக் காலமும் இந்தக் காலமும்

பெரியவர்கள் கட்டினார்களே, நாம் கட்டக் கூடாதா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. திருச்சியில் ஹாஜி ஜமால் முஹம்மது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் தோற்றுவித்த ஜமால் முஹம்மது கல்லூரி 1951இல் தொடங்கியது. அதே ஆண்டில் சென்னையில் நியூ காலேஜ் வந்தது. நம் மாவட்டத்திலேயே அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி 1955இல் எழுந்தது. பெண்களுக்காக நீதிபதி பஷீர் அஹமது சயீத் சென்னையில் எஸ்.ஐ.இ.டி. கல்லூரியைத் தொடங்கியதும் 1955தான். நாலைந்து வருஷத்துக்குள் இத்தனை எழுந்திருக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ். நம் வட்டாரத்தில் அந்தத் தலைமுறையில் பட்டம் வாங்கியவர்களில் பலர் இந்த வாசல்களில் நுழைந்தவர்கள்.

ஆனால் அவை எப்படி நடந்தன என்று பார்க்க வேண்டும். நிலமும் கட்டடமும் வள்ளல்கள் தந்தார்கள். ஆசிரியர் சம்பளத்தை அரசு உதவித்தொகை தாங்கியது. அதனால்தான் கூலிக்காரர் மகனும் அங்கே சொற்பக் கட்டணத்தில் படிக்க முடிந்தது. 1990களின் தொடக்கத்திலிருந்து புதிதாகத் தொடங்கும் தனியார் பள்ளிகளுக்கு அந்த உதவி இல்லை, எல்லாம் சுயநிதிதான். இன்று நாம் ஒரு பள்ளி தொடங்கினால் ஆசிரியர் சம்பளம் முழுவதும் பிள்ளைகளின் கட்டணத்திலிருந்து வர வேண்டும், அல்லது ஒவ்வொரு மாதமும் யாராவது தர வேண்டும். கட்டணம் கட்டக்கூடியவர் வீட்டுப் பிள்ளை ஏற்கெனவே தஞ்சாவூருக்கு வேனில் போகிறது. கட்ட முடியாத பிள்ளைக்காகத்தான் நாம் பள்ளி கட்டுகிறோம் என்றால் அந்தச் சம்பளத்தை யார் தருவது? கட்டடம் தருவதற்கு ஒருவர் முன்வந்திருக்கிறார். இருபது வருஷத்துக்குச் சம்பளம் தருவதாக யாரும் சொல்லவில்லை.

வெளிநாட்டுப் பணத்தை நம்பி ஆண்டுச் செலவைத் திட்டமிடுவது பற்றியும் ஒரு வார்த்தை. நம் டெல்டாவின் கூத்தாநல்லூர், ராஜகிரி, அய்யம்பேட்டை முதலிய ஊர்களில் கேட்டால் பர்மா கதை தெரிந்த முதியவர்கள் இன்னும் கிடைப்பார்கள். 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான் குண்டு போட்டபோது கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்தார்கள். போர் முடிந்து திரும்பிப் போய் மறுபடி தொழிலை நிமிர்த்தியவர்களும் உண்டு. அவர்களுக்கு 1964இல் இன்னொரு அடி விழுந்தது. கடைகள் நாட்டுடைமையாயின, 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். வந்தவர்கள் கையோடு கொண்டு வர முடிந்தது கொஞ்சம்தான். வளைகுடா அப்படி ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அங்கிருந்து வரும் பணம் ஒரு தடவைச் செலவுக்கு நல்லது, மாதச் சம்பளத்துக்கு ஆதாரமாக வைக்கத் தக்கது அல்ல.

இதைவிட முக்கியமான ஒன்றை எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதியாக வேண்டும். 2004 ஜூலை 16 கும்பகோணம் காசிராமன் தெருவில் நடந்ததை இந்த வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை. ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள் நடந்தன. சமையல் கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குப் பரவியது. 94 குழந்தைகள் இறந்தார்கள். எல்லாம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள். வழக்கில் தீர்ப்பு வர 10 ஆண்டு ஆயிற்று, 2014 ஜூலையில் வந்தது. அந்தத் தீ விபத்துக்குப் பிறகுதான் தமிழ்நாடு முழுவதும் பள்ளிகளில் கீற்றுக் கூரையை அகற்றினார்கள். அங்கீகாரம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று என்று இன்று கேட்கப்படும் தாள்களைத் தொல்லை என்று நம்மில் சிலர் அலுத்துக்கொள்கிறோம். அந்த 94 பேரை நினைத்தால் அந்த அலுப்பு வராது. பள்ளி நடத்துவது என்பது காலை ஒன்பது மணி முதல் மாலை நாலு மணி வரை அடுத்தவர் பிள்ளையின் உயிருக்கு அமானிதம் ஏற்பது. நம் நிர்வாகக் குழுவில் எல்லாருமே கடையோ வயலோ பார்த்துக்கொண்டு, அஸருக்குப் பிறகு ஒரு மணி நேரம் டிரஸ்டுக்கு வருகிறவர்கள், நானும் அப்படித்தான். முழு நேரமும் அதற்கென்றே ஒருவர் இல்லாமல் அந்த அமானிதத்தைத் தொடக் கூடாது என்பது என் முடிவான கருத்து.

அரசுப் பள்ளியில் இருந்தால் கிடைப்பவை

நாம் ஆங்கிலப் பள்ளி தொடங்கி நம் பிள்ளைகளை அங்கே மாற்றினால் அவர்கள் எதை இழப்பார்கள் என்பதை யாரும் கணக்கிடவில்லை. தலைமை ஆசிரியை அம்மா விரல் விட்டு எண்ணிக் காட்டினார்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2021 முதல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் வந்துவிட்டது. அந்த ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எதில் சேர்ந்தாலும் பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் (2022 முதல்), பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை (2024 முதல்). இவை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் மட்டுமே. சுயநிதிப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு இதில் எதுவும் கிடையாது, அந்தப் பள்ளியை நடத்துவது நம் டிரஸ்டாகவே இருந்தாலும்.

இதோடு, நமக்கு 2007 முதல் 3.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. சாதிச் சான்றிதழில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்று இருந்தால்தான் அது செல்லும். ராவுத்தர், மரைக்காயர் ஆகியோர் லெப்பை என்ற பிரிவில் வருகிறார்கள். வெறுமனே முஸ்லிம் என்று போட்ட பழைய சான்றிதழை வைத்துக்கொண்டு கலந்தாய்வு நாளில் அலைகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் நம் அலுவலகத்துக்கு வருகிறார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துப் பத்தாம் வகுப்பிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கும் தனிச் சான்றிதழ் உண்டு, கலந்தாய்வு மூலம் தொழிற்படிப்பில் சேரும்போது கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும். மத்திய அரசின் சிறுபான்மையினர் பள்ளிக் கல்வி உதவித்தொகை முன்பு ஒன்றாம் வகுப்பிலிருந்தே இருந்தது, 2022-23 முதல் 9, 10 வகுப்புகளோடு நிறுத்திக்கொண்டார்கள். இது தெரியாமல் சிறு பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நமக்குத் தொடக்கக் கல்விதான் பிரச்சினை என்ற எண்ணம் பழையது. 2001 கணக்கெடுப்பின்படி இந்திய முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 சதவீதம், நாட்டின் மொத்தச் சராசரி 64.8. சச்சார் குழு இதைத்தான் எடுத்துக்காட்டியது. தமிழ்நாட்டில் நிலைமை தலைகீழ்: மாநிலச் சராசரி 73.5, முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9. எழுதப் படிக்கக் கற்றுக்கொள்வதில் நாம் முன்னால் நிற்கிறோம். நாம் பின்தங்குவது பத்தாம் வகுப்புக்கு மேலேதான். எல்.கே.ஜி.யில் தொடங்கும் பள்ளிக்கூடம் பதினைந்தாம் வயதில் உடையும் படிப்பை எப்படிச் சரி செய்யும்?

ஜகாத் பற்றிய கேள்வி

ஜகாத் நிதியிலிருந்து கட்டடத்துக்கு எடுக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஜகாத் யாருக்குரியது என்பதை அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் எட்டுப் பிரிவாக வகுத்துவிட்டது. ஹனஃபி மத்ஹபில் தம்லீக் நிபந்தனை, அதாவது பெறத் தகுதியுள்ள ஆளின் கையில் அவருக்கே சொந்தமாகப் போய்ச் சேர வேண்டும். கட்டடம் எதையும் கையில் வாங்கிக்கொள்ளாது. இமாம்களில் பெரும்பாலோர் கட்டடத்துக்கு ஜகாத்தைச் செலவிட அனுமதிக்கவில்லை என்று ஹஜ்ரத் தெளிவாகச் சொன்னார். ஏழை மாணவர் ஃபகீர், மிஸ்கீன் என்ற பிரிவில் வருகிறார், அவர் கட்டணத்தை அவர் கையிலோ பெற்றவர் கையிலோ கொடுத்துக் கட்டச் சொல்லலாம். ஆசிரியர் சம்பளம், அலுவலகச் செலவு ஆகியவற்றுக்கு சதகாவும் வக்ஃபு வருமானமும்தான். ஆக, நம்மிடம் ஆண்டுதோறும் தவறாமல் வரும் பணம் பிள்ளைக்குப் போகலாம், சுவருக்குப் போக முடியாது. மார்க்கச் சட்டமே நம் கேள்விக்குப் பாதிப் பதிலைச் சொல்லிவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது.

இதையெல்லாம் வைத்து நிர்வாகக் குழுவுக்கு நான் கொடுத்திருக்கும் யோசனை இது. மனை அப்படியே இருக்கட்டும். கட்டடம் தர முன்வந்த அன்பரிடம், அதே தொகையில் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டு, அந்த வாடகையைக் கல்விக்கென்றே வக்ஃபு செய்யச் சம்மதிப்பாரா என்று கேட்போம். அந்த வருமானத்தில் முழுநேரப் பணியாளர் ஒருவரைச் சம்பளத்துக்கு வைப்போம். அவர் வேலை மேசையில் உட்காருவது அல்ல. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பள்ளிகளுக்குப் போய்த் தலைமை ஆசிரியர்களைப் பார்த்து, யார் வருவதில்லை என்று கேட்டு, மாலையில் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். நம் பிள்ளைகள் என்று மட்டும் பார்க்காமல், அந்த வகுப்பில் நின்றுபோகும் எந்தப் பிள்ளையாக இருந்தாலும் பார்க்க வேண்டும். மற்ற சமயத்துப் பிள்ளைகளுக்குச் சதகா நிதியிலிருந்து கொடுப்பதில் தடை ஒன்றும் இல்லை. மே, ஜூன், ஜூலை மூன்று மாதமும் சேர்க்கைக் கட்டணத்துக்கென்று ஒரு தொகையை வங்கியில் தனியாக வைத்திருந்து, விண்ணப்பம் வந்த 48 மணி நேரத்துக்குள் பணம் போக வேண்டும். குழு கூடிப் பேசி முடிவெடுக்கும் வரை கல்லூரி காத்திருக்காது. தலைவர், முத்தவல்லி, செயலாளர் மூவரில் இருவர் கையெழுத்து போதும் என்று விதியைத் திருத்த வேண்டும். அந்த மூவரில் ஒருவர் நாற்பது வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறேன். நாங்கள் எல்லாரும் ஐம்பதைத் தாண்டிவிட்டோம், கணக்குப் புத்தகம் எங்களோடு மூடப்பட்டுவிடக் கூடாது.

குழுவில் எல்லாரும் இதை ஏற்கவில்லை. ஊருக்கென்று ஒரு பள்ளிக்கூடம் கண்ணுக்குத் தெரிய நிற்க வேண்டும், அதைப் பார்த்து இளைய தலைமுறைக்கு ஊக்கம் வரும், தீனியாத்தும் சேர்ந்து கிடைக்கும் என்று துணைத் தலைவர் வாதிட்டார். மாலை மக்தபை ஒழுங்காக நடத்தினால் தீனியாத் கிடைக்கும் என்பது ஹஜ்ரத்தின் பதில். மற்றதற்கு அவரவர் பதில் அவரவரிடம் இருக்கட்டும்.

பொதுக்குழு அடுத்த மாதம் இரண்டாவது வெள்ளி, ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்தில் கூடுகிறது. பெண்கள் வந்து பேசத் தனி இடம் ஏற்பாடு செய்திருக்கிறோம், பிள்ளைகளின் படிப்பு பற்றி அவர்கள்தான் எங்களைவிட விவரமாகச் சொல்வார்கள். என் யோசனையை எதிர்ப்பவர்கள் எழுத்தில் தந்தால் அப்படியே அடுத்த இதழில் வெளியிடுவோம். இந்த வருஷம் பத்து, பன்னிரண்டு படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் நான்கின் நகலோடு இந்த வாரமே அஸருக்குப் பிறகு வாருங்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்